ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே

எங்கள் தெருவை இடிக்க நினைத்தது யாரோ ஒரு கட்டடக் கம்பெனி. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைக் குட்டிச்சுவராக்கியது நாங்கள்தான். இதைச் சொன்னால் ஐந்தாம் வீட்டு மஸ்தூராவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்துவிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல இந்தத் தெருவில் எனக்குத்தான் வாய் இருக்கிறது.

எலக்சித் தெரு தாஷ்கண்டின் பழைய நகரத்தில், சோர்சு பஜாருக்குப் பின்பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் சல்லடை செய்கிறவர்கள் குடியிருந்த தெரு என்பதால் அந்தப் பெயர். இப்போது சல்லடை வேண்டுமென்றால் நாங்களும் பஜாருக்குத்தான் போகிறோம். வரிசையாகப் பதினோரு வீடுகள், எல்லாம் மண்சுவர். அறுபத்தாறில் பூமி குலுங்கி நகரமே சரிந்தபோது எங்கள் சுவர்கள் கொஞ்சம் தூசியை உதறிவிட்டு அப்படியே நின்றன என்று என் மாமியார் சொல்வார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்தான், ஆனாலும் சுவர்கள் நிற்கின்றன.

என் பெயர் முகர்ரம். ஏழாம் வீடு. வயது ஐம்பத்தொன்பது. ரொட்டி சுட்டு விற்கிறேன். காலை ஆறு மணிக்கு என் வாசலுக்கு வந்தால் ரொட்டி சூடாகக் கிடைக்கும். ஏழு மணிக்கு வந்து "இன்னும் இருக்கா?" என்று கேட்டால் என் வாயிலிருந்து சூடாகக் கிடைக்கும்.

ஏப்ரல் மாதம் எங்கள் மஹல்லாவுக்கு, அதாவது இந்தப் பேட்டைக்கு, தலைவரான தூலகன் அண்ணன் எல்லோரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டார். நகரத்தில் பழமையான இடங்களைப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் ஏறிவிட்டால் எந்தக் கம்பெனியும் தொட முடியாது. ஏறாவிட்டால் அடுத்த வருடம் எலக்சித் தெரு இருந்த இடத்தில் பதினாறு மாடி எழும்பும். எங்களுக்கு அதில் ஆளுக்கு ஒரு வீடு கொடுப்பார்களாம். திங்கட்கிழமை பட்டியல் எடுக்கிற குழுவிலிருந்து ஒரு அம்மா பார்க்க வருகிறார் என்றார்.

"பதினாறு மாடியில என் தந்தூர் அடுப்பை எங்கே வெக்கிறது? லிஃப்டுக்குள்ளயா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்றார் தூலகன் அண்ணன். "விருந்தாளி வர்றாங்க. இந்தக் கோலத்துலயா தெருவைக் காட்டுறது? ஞாயித்துக்கிழமை ஹஷர். வீட்டுக்கு ரெண்டு பேர் வரணும்."

ஹஷர் என்றால் ஊர் கூடிச் செய்கிற வேலை. கூலி கிடையாது, புலாவ் உண்டு. ஒருவரும் வராமல் இருக்க மாட்டார்கள். வராதவனுக்கு நாளைக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் தூக்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆண்கள் சிமென்ட் குழைத்து மண்சுவரின் விரிசல்களை எல்லாம் பூசினார்கள். அதற்கு மேல் சுண்ணாம்பு, பால் போல வெள்ளை. கேஸ் குழாய்க்கு மஞ்சள் பெயின்ட். மூன்றாம் வீட்டுக்காரன் நூறு வருடத்துப் பூவேலைக் கதவைக் கழற்றிக் கொல்லையில் போட்டுவிட்டு, சிங்கத் தலை வைத்த இரும்புக் கதவை மாட்டினான். அவன் மச்சினனிடம் வாங்கியதாம். நாங்கள் பெண்கள் தெருவை மூன்று முறை கூட்டி, தண்ணீர் தெளித்து, வாசற்படிகளைத் தேய்த்தோம். மாலையில் நின்று பார்த்தபோது எனக்கே கண் கூசியது. தூலகன் அண்ணன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வரட்டும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தாள். பர்னோ என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவள், கையில் அளவு நாடா. தெருமுனையில் காலை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் பிரமித்துப்போய்விட்டாள் என்று நினைத்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம்.

"இது எப்போ அடிச்சது?" என்று சுவரைத் தொட்டாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"நேத்துத்தான் மகளே! உங்களுக்காகத்தான்!" என்றார் தூலகன் அண்ணன், முகமெல்லாம் பல்.

"அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"பழைய மண்ணும்மா. கண்றாவி. எல்லாத்தையும் மூடிட்டோம்."

பர்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழப்போகிறாளோ என்று பயந்துவிட்டேன். "அண்ணே" என்றாள் மெதுவாக, "நான் வந்ததே அந்தப் பழைய மண்ணைப் பார்க்கத்தான்."

சிங்கத் தலைக் கதவுக்காரன் மெல்ல நகர்ந்து தன் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். யா அல்லா, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைத் துடைத்து வைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன தெரியும்?

பர்னோ கிளம்பத்தான் பார்த்தாள். ஆனால் அண்டா அடுப்பில் இருந்தது, அரிசி போட்டாகிவிட்டது. புலாவ் சாப்பிடாமல் ஒரு மனுஷியை அனுப்புகிற வழக்கம் இங்கே இல்லை. அவளும் இந்த ஊர்ப்பெண்தானே, அவளுக்கும் தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு ஐந்தாம் வீட்டில், மஸ்தூரா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள்.

தட்டு போதவில்லை. மஸ்தூரா வழக்கம்போல முற்றத்து மூலையில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, குனிந்து, ஆறாம் வீட்டுக்குள் போனாள். கை நிறையத் தட்டுகளோடு திரும்பக் குனிந்து வந்தாள். பர்னோ வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்துவிட்டாள்.

"அக்கா, அது என்ன கதவு?"

"எது? இதுவா? பக்கத்து வீட்டுக் கதவு."

"பக்கத்து வீட்டுக்கு உள்ளுக்குள்ளேயே கதவா?"

"பின்னே, ஒரு தட்டு வாங்கறதுக்குத் தெருவைச் சுத்தியா போவாங்க?" என்றாள் மஸ்தூரா. "எல்லா வீட்டுலயும் இருக்கே. பொம்பளைங்க வழி அது. எங்க மாமியார் காலத்துல புதுசா வந்த மருமக இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தெருவுல கால் வெக்காமலே போயிட்டு வருவா. யுத்த காலத்துல ஒரு வீட்டுல அடுப்பு எரிஞ்சா, பதினோரு வீட்டுக் குழந்தைகளும் இப்படித்தான் வந்து உக்காருமாம்."

பர்னோ எழுந்துவிட்டாள். புலாவ் ஆறிக்கொண்டிருக்க, அந்தக் கதவின் நிலையைத் தடவினாள், நாடாவால் அளந்தாள், நகத்தால் கொஞ்சம் சுரண்டி மோந்துகூடப் பார்த்தாள். அங்கே யாரும் சுண்ணாம்பு அடித்திருக்கவில்லை. விருந்தாளி கண்ணில் படாத இடத்துக்கு எவன் அடிப்பான்?

"பதினோரு வீடு, பத்துக் கதவு" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. "நான் இந்த நகரத்துல ரெண்டு வீட்டுக்கு நடுவுல பார்த்திருக்கேன், மூணு வீட்டுக்கு நடுவுல பார்த்திருக்கேன். ஒரு தெரு முழுக்க இன்னும் புழங்குற வழியை நான் பார்த்ததே இல்லை. வாங்க, நடந்து பார்ப்போம்."

முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள், ஊரே அவள் பின்னால் போனது. இரண்டாம் வீட்டில் கோழிக்கூண்டை நகர்த்தினார்கள். நான்காம் வீட்டில் அலமாரியை நகர்த்தினார்கள். ஐந்து, ஆறு எல்லாம் தாண்டி என் வீட்டு முற்றத்துக்குள் குனிந்து வந்தாள். "அடுத்தது?" என்றாள் சந்தோஷமாக.

அடுத்தது என் அடுப்பறைக்குள் இருந்தது. வாசல் நிலை இருந்தது, வாசல் இல்லை. அந்த இடத்தில் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு என் தந்தூர் உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு அந்தப் பக்கம் யாரு?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஹம்தம் மட்டும் தரையைப் பார்த்தார். முப்பது வருடம் டிராலி பஸ் ஓட்டியவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

"என் ஓரகத்தி" என்றேன்.

ஹோசியத் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள். அவள் எனக்கு ஏழு வயது மூத்தவள். வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்ட பிறகும் அந்தக் கதவு வழியாக நாளைக்கு இருபது முறை போவோம், வருவோம். அவள் சின்ன மகள் கல்யாணம் வருகிற வரைக்கும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முந்நூறு ரொட்டி வேண்டும். தெரு முழுக்க ரொட்டி சுடுகிறவள் நான். அவள் பஜாரில் சொல்லி வாங்கிவிட்டாள். அந்த வாரம் ஹம்தமுக்கு நெஞ்சில் ஆபரேஷன், நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். "இந்த நேரத்துல உன்னை மாவு பிசையச் சொல்ல எனக்கு மனசு வரலடி" என்றாள். நியாயமான பேச்சு. நியாயம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், விருந்துக்கு வந்தவர்கள் எவனோ சுட்ட ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் வாசலை அடைத்தேன். தந்தூரையும் அங்கேயே வைத்தேன். இனி திறக்கவே முடியாதபடி வைத்தேன். ஒன்பது வருடம்.

பர்னோவிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் முட்டாள் இல்லை. நாடாவைச் சுருட்டினாள்.

"வியாழக்கிழமை என் மேலதிகாரிங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். "முதல் வீட்டுலேர்ந்து பதினோராவது வீடு வரைக்கும் அவங்க தெருவுல இறங்காம நடக்க முடிஞ்சா, பட்டியல்ல ஏத்த என்னால வாதாட முடியும். நடுவுல அறுந்திருந்தா இது வெறும் பதினோரு வீடு. அதுவும் புதுசா வெள்ளையடிச்ச பதினோரு வீடு."

அவள் போன பிறகு தெரு என் அடுப்பறையை விட்டு நகரவில்லை.

"தந்தூரை உடைக்கறதா? வாழ்ற வீட்டுல அடுப்பை இடிப்பாங்களா?" என்று கத்தினேன்.

"வீடே போயிடுமே முகர்ரம்" என்றார் தூலகன் அண்ணன்.

"எட்டாவது வீட்டுக்காரி வாசலை நானே தேடிப்போய்த் திறக்கணுமா? அவ வந்து கேக்கட்டும்!"

"நீதானே அடைச்சே?" என்றாள் மஸ்தூரா.

"உன் வாயை அடைச்சிருக்கணும்!"

எல்லோரும் போன பிறகு ஹம்தம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கப்பா இந்த வாசல்லதான் தலை இடிச்சு இடிச்சு வழுக்கையானார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சண்டையைத் தொடர முடியாது, அந்த மனுஷனுக்கு அது தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டியை எடுத்து அடுக்கிவிட்டுத் தூலகன் அண்ணனிடம் போய், உடைக்கிறேன் என்றேன். நல்ல மனசால் இல்லை. பதினாறு மாடியை நினைத்துப் பயந்து சொன்னேன். அவர் சந்தோஷமாக ஹோசியத்திடம் சொல்லிவிட்டு வரப் போனார். திரும்பி வந்தபோது தொங்கிய முகத்தோடு வந்தார்.

"முடியாதுங்கறாங்க."

"என்ன முடியாது?"

"தந்தூரை உடைக்கக் கூடாதாம். அவ்வளவுதான் சொல்றாங்க. ஏன்னு கேட்டா டீ ஊத்தறாங்க."

உண்மையைச் சொல்கிறேன், அன்று மத்தியானம் முழுக்க எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெருவே அவளைத் திட்டியது. "இவ்வளவு வன்மமா?" என்றாள் மஸ்தூரா. "முகர்ரம் பாவம், அடுப்பையே இடிக்கச் சம்மதிச்சா." ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் நல்லவள், அவள் கெட்டவள். மூன்று வீட்டில் டீ குடித்து மூன்று வீட்டிலும் அதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

புதன்கிழமை காலையில் அந்த ருசி போய்விட்டது. இன்னும் ஒரு நாள்தான். அவளுக்கும் இந்தத் தெருவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஒரு மகள் பெர்கானாவில், ஒரு மகள் கொரியாவில். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற அளவுக்கு என் மேல் அவளுக்கு என்ன ஆத்திரம்? நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலை மிதிக்க முடியாது. சூடான ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவில்லை. "வா" என்றாள். இளைத்திருந்தாள். தெருவில் எதிரெதிரே வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விரிப்பை விரித்தாள். ரொட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் வைத்தாள். டீ ஊற்றினாள். சண்டைக்கு வந்தவளுக்கு டீ ஊற்றினால் சண்டை நீர்த்துப் போகும். அதனால் நான் கிண்ணத்தைத் தொடவில்லை.

"தந்தூரை ஏன் உடைக்கக் கூடாதாம்?" என்றேன்.

"உன் பிழைப்பு அதுலதானே ஓடுது."

"என் பிழைப்பை நான் பார்த்துக்கறேன். இன்னொரு தந்தூர் வெக்க எனக்கு ஒரு வாரம் போதும். தெருவே போகப்போகுது, அது உங்களுக்குப் பரவாயில்லையா? என் மேல இருக்கற கோபத்துல பதினோரு வீட்டையும் இடிக்க விடுவீங்களா?"

"கோபமா?" என்றாள். "உன் மேலயா?" பிறகு, "ஜாம் எடுத்துட்டு வர்றேன், நீ ஆப்ரிகாட் ஜாம்னா சாப்பிடுவே" என்று எழுந்து பின்னறைக்குப் போனாள்.

போனவள் வரவில்லை. எனக்குப் பொறுமை இருந்தால் நான் ஏன் ரொட்டிக்காரியாகிறேன்? எழுந்து பின்னாலேயே போனேன்.

அந்தப் பின்னறைக்குள் நான் ஒன்பது வருடமாக வரவில்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. அந்தக் காலத்தில் வெறும் நடைவழி, என் வாசல் அங்கேதான் திறக்கும். கதவு இன்னும் இருந்தது. விரியத் திறந்து, சுவரோடு சுவராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நிலைக்குள் நான் அடைத்த செங்கல்லின் முதுகும், இடுக்குகளில் பிதுங்கிக் காய்ந்த என் களிமண்ணும் தெரிந்தன. அந்தக் களிமண்ணை ஒட்டி அவள் படுக்கை கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நாலு மெத்தை, ஒரு தலையணை, மருந்துப் புட்டி, தண்ணீர்ச் செம்பு. நாலு அறை இருக்கிற வீட்டில் இந்தப் பொந்தில் படுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்கயா படுக்கறீங்க?"

அவள் ஜாம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"குளிர்காலத்துல கேஸ் பாதி நாள் வராது. என் முட்டி உனக்குத்தான் தெரியுமே. முதல் வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன். ஒரு நாள் எதையோ எடுக்க இங்கே வந்து சுவர்ல கை வெச்சேன். சுட்டுது." சொல்லிக்கொண்டே இப்போதும் கையை அந்தக் களிமண்மேல் வைத்தாள். "நீ நாலு மணிக்கு நெருப்பு மூட்டுவே. அஞ்சு மணிக்கு இங்கே சூடு வரும். முதுகை ஒட்டிப் படுத்தேன்னா அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வரும். நீ மாவை அடிக்கற சத்தம்கூடக் கேக்கும். வாசலைச் சாத்தினா சூடு வராதுன்னு கதவை ஒரு நாளும் சாத்தல."

நாலு கேள்வியும் எங்கே போனதோ.

"போன வருஷத்துக்கு முந்தின ஜனவரியில ஒன்பது நாள் சூடு வரல" என்றாள்.

அது எனக்கு நிமோனியா வந்த ஜனவரி.

"ஹம்தமைத் தெருவுல பார்த்துக் கேக்கலாம்னு வாசல்ல நிப்பேன். அவன் மூஞ்சியைப் பார்த்தா கேக்கப் பயமா இருக்கும். உன் வாசலுக்கு வரத் தைரியமில்ல, நீ எழுந்து நின்னு கத்துவியேன்னு. கத்த உடம்புல தெம்பு இருக்கோ இல்லியோன்னு வேற பயம். ராத்திரியும் பகலுமா இங்கேயே கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்தாவது நாள் காலையில சுட்டுது." தலைத்துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதை எப்படி உடைக்கச் சொல்லுவேன்?"

அந்த ஜனவரியில் என்னைப் பார்க்கத் தெருவே வந்தது. ஒன்பதாம் வீட்டுக்காரி வந்தாள், ஆறாம் வீட்டுக்காரி வந்தாள். எட்டாம் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று காய்ச்சலோடு காய்ச்சலாகக் கறுவிக்கொண்டு கிடந்தவள் நான். அவளோ இந்த இருட்டுப் பொந்தில், ஒரு முழ மண்ணுக்கு அந்தப் பக்கம், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அடி பாவி" என்றேன். மூத்தவளை அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னேன். "பாவி, பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்தச் சுவரைத் தட்டியிருக்கக் கூடாதா?" அவளைத்தான் திட்டினேன், ஆனால் அழுகை எனக்கு வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஜாம் பாட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என் விலாவில் குத்தியது.

பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உடைக்கணும் அக்கா" என்றேன். "சூடு எங்கே போயிடும்? நான் எங்கே இருக்கேனோ அங்கேதான் இருக்கும். அது என் பொறுப்பு."

"சரி" என்றாள். "ஆனா நீ உடைக்காதே. மண்ணு கண்ணுல விழும், ஹம்தமை உடைக்கச் சொல்லு."

நான்தான் உடைத்தேன். ஹம்தம் சுத்தியலை எடுத்தார், பிடுங்கிக்கொண்டேன். தந்தூர் ஒரே மத்தியானத்தில் பெயர்ந்து வந்துவிட்டது. அதன் பின்னாலிருந்த செங்கல்தான் அடம்பிடித்தது, ஆத்திரத்தில் வைத்தது அல்லவா. உடைந்த மண்ணை ஹோசியத் அக்கா அந்தப் பக்கத்திலிருந்து வாளி வாளியாக அள்ளினாள். யார் காலும் மிதிக்காத மூலையில், பிளம் மரத்தடியில் கொட்டினோம். மஸ்தூரா உதவுகிறேன் என்று வந்து, உதவாமல், பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. கேட்டால் தூசி என்பாள்.

வியாழக்கிழமை பர்னோவோடு இருவர் வந்தார்கள். கேமரா வைத்த ஒல்லியான ஒருவர், தொப்பி வைத்த பருமனான ஒரு அம்மா. அந்த அம்மாதான் முடிவெடுக்கிறவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒவ்வொரு கதவிலும் குனிந்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து வந்தார். எங்கள் வாசலில் நின்றார். விரலால் ஓரத்தைத் தொட்டார்.

"இது புதுசா உடைச்சதா இருக்கே?"

பர்னோவின் முகம் வெளிறியது. தூலகன் அண்ணன், "மழையிலம்மா, போன மழையில கொஞ்சம் மண்ணு..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது.

"மழையுமில்ல ஒண்ணுமில்ல" என்றேன். "நான் அடைச்சேன். ஒன்பது வருஷம் இவங்களோட பேசாம இருந்தேன். நேத்துத்தான் உடைச்சேன். பட்டியல்ல ஏத்தினா ஏத்துங்க, ஏத்தாட்டிப் போங்க. இனிமே நான் இதை மூடப்போறதில்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வாயால் பதினோரு வீடும் போகப்போகிறதே என்று. அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற ஹோசியத் அக்காவைப் பார்த்தார்.

"எனக்கும் என் தங்கச்சிக்கும் பன்னெண்டு வருஷம்" என்றார். பிறகு கேமராக்காரரிடம் திரும்பி, "இதையும் எடுங்க, உடைஞ்ச ஓரம் தெரியற மாதிரி" என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பக்கம் போனார்.

அக்டோபரில் காகிதம் வந்தது. எலக்சித் தெருவின் பதினோரு வீடுகளும் அவற்றின் உள்வழியும் பட்டியலில் ஏறிவிட்டன. தெருப் பக்கச் சுவர்களின் இப்போதைய நிலை வருத்தம் அளிக்கிறது என்று கீழே ஒரு வரி. தூலகன் அண்ணன் அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டினார். இனி அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது என்று மஸ்தூரா இன்றுவரை புலம்புகிறாள்.

புதுத் தந்தூரை அதே அடுப்பறையில், எதிர்ச்சுவரில் வைத்திருந்தேன். நவம்பரில் முதல் பனி விழுந்தது, கேஸ் போயிற்று. அன்று சாயங்காலம் ஹோசியத் அக்கா நாலு மெத்தையையும் ஒவ்வொன்றாக வாசல் வழியாக இழுத்து வந்து, தந்தூருக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டாள். "உன்கிட்ட கேக்கணுமா?" என்றாள். "கேட்டுத்தான் பாரேன்" என்றேன்.

விடியற்காலை நாலு மணிக்கு நான் புளிக்க வைத்த மாவைத் திறந்தபோது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெருப்பு பிடித்து, முதல் ரொட்டியைத் தந்தூரில் ஒட்டும்போதுதான் கண் விழித்தாள்.

"அக்கா, நீ என்னமா குறட்டை விடுறே" என்றேன். "தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் திரும்பிப் படுத்தாள்.

"ஒன்பது வருஷமா அந்த வாசலுக்குப் பின்னாடி விட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "உனக்கு இன்னிக்குத்தான் கேக்குது."